முதல் ஞாயிற்றுக்கு முன்பு

ஆரப்பாளையம், மதுரை
15.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுபலட்சுமி எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கு மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? விபத்தில் அடிபட்ட கால் இப்போது மடக்க வருகிறதா?

நீங்கள் ஜெயிலிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது என்று வீரணன் சித்தப்பா போன வாரம்தான் சொன்னார். திருவாதவூரில் நம் வீட்டுக்குக்கூட நீங்கள் போகவில்லையாம். அழகர்கோவில் அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பில் காவலுக்கு இருப்பதாகச் சொல்லி இந்த முகவரியைக் கொடுத்தார். உங்கள் பழைய நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. புது நம்பர் இருந்தால் எழுதுங்கள்.

நான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வருகிறவர்களின் பெயரும் ஊரும் எழுதி வாங்கிக்கொண்டு சாவி கொடுக்கும் வேலை. எட்வின் அம்மா எங்களோடுதான் இருக்கிறார்கள். ஹெப்சி ஒன்பதாம் வகுப்பு போகிறாள். என் உயரத்தைத் தாண்டிவிட்டாள்.

நீங்கள் உள்ளே இருந்த எட்டு மாதத்தில் நான் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பிறகு எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை,
சுபலட்சுமி


அழகர்கோவில்
2.7.2025

தங்கச்சி சுபாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். உங்கள் மூவரையும் அழகர் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

கால் பரவாயில்லை. மழைக்கு முதல் நாள் குடையும், அவ்வளவுதான். இங்கே நானூறு மரம். காலையும் மாலையும் மோட்டார் போட்டு வாய்க்காலைத் திருப்பிவிட வேண்டும். மலையிலிருந்து குரங்குகள் வந்து இளநீர்க் குலைகளை உருட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் ரூமிலேயே படுக்கை, சமையல் எல்லாம்.

போன் வைத்துக்கொள்ளவில்லை. தேவைப்படவும் இல்லை. தோப்புக்காரர் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் டீக்கடைக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். நீ கடிதமே எழுது. தபால்காரர் கோவில் வாசல் வரை தினமும் வருகிறார்.

ஒரு விஷயம். நீ என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பேச்சு வந்த நாளிலிருந்து 'நீ, வா, போ' என்றுதான் கூப்பிடுவாய். படிக்கும்போது வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டது போலிருந்தது.

ஜெயிலுக்கு வராததற்கெல்லாம் காரணம் எழுத வேண்டாம். பாப்பா நன்றாகப் படிக்கட்டும்.

அண்ணன்,
தங்கப்பாண்டி


ஆரப்பாளையம்
20.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். முன்பு போலவே எழுதிவிட்டேன், போதுமா?

ஹெப்சி எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்புக்குப் போகிறாள். கைக்குழந்தையில் நாங்கள் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம். இப்போது அவளே தன் வாயால் விசுவாசத்தைச் சொல்லி, அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்தில் சேர வேண்டும். அதற்கான வகுப்பு. ஜனவரி முதல் ஞாயிறு வைத்திருக்கிறார்கள். அன்று சபையார் எல்லாரும் எழுந்து நின்று, வருகிற வருஷத்துக்காக ஆண்டவரோடு உடன்படிக்கை செய்வதும் வழக்கம். எட்வின் இருந்தவரை மற்ற எதைத் தவறவிட்டாலும் அந்த ஆராதனையைத் தவறவிட மாட்டார்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். கடைசி பெஞ்சு. வருஷப் பிறப்புக்கு மட்டும் போவதில்லை. சென்ற டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி அத்தையும் ஹெப்சியும் ஆராதனைக்குப் போனார்கள். நான் எட்டு மணிக்கே விளக்கை அணைத்துப் படுத்துவிட்டேன்.

அண்ணே, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். மிச்சத்தை நீ எழுது. அச்சகத்தில் தாமதமானதால், வருஷத்தின் கடைசி நாள் சபைக் காலண்டர்களை எடுத்துவர நீயும் எட்வினும் உன் வேனில் சிவகாசி போனீர்கள். திரும்பும்போது திருமங்கலம் தாண்டி, நின்றிருந்த லாரியில் வேன் மோதியது. கண் அசந்துவிட்டதாக நீ கோர்ட்டில் ஒத்துக்கொண்டாய் என்று வக்கீல் சொன்னார். என்னிடம் நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று சாயங்காலம் என்ன நடந்தது?

பதில் எழுது.

சுபா


அழகர்கோவில்
14.9.2025

தங்கச்சிக்கு,

இங்கே சுகம். அங்கேயும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. தோப்பில் வண்டு விழுந்து முப்பது மரத்தில் குருத்து போய்விட்டது. ஒவ்வொரு மரமாக ஏறிக் கம்பியால் குத்தி எடுக்க ஆள் கூட்டி வந்து, அவர்களோடு நின்றேன்.

நீ கேட்டதற்கு எழுதுகிறேன். மாப்பிள்ளை இடப்பக்க சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க அச்சகத்தில் நின்ற அசதி. நானும் கண் அசந்துவிட்டேன். லாரிக்குப் பின்னால் விளக்கு எரியவில்லை. போலீசிலும் கோர்ட்டிலும் இதைத்தான் சொன்னேன். உனக்கும் இதைத்தான் சொல்கிறேன். மாப்பிள்ளை தூக்கத்திலேயே போய்விட்டார். வலி தெரிந்திருக்காது.

வேறு ஒன்றும் இல்லை. மறுபடியும் கேட்காதே.

தங்கப்பாண்டி


ஆரப்பாளையம்
28.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம். அத்தைக்கு இடது கண்ணில் புரை எடுத்தோம். இப்போது நன்றாகத் தெரிகிறது என்கிறார்கள்.

தபால் வந்தபோது ஹெப்சி வீட்டில் இருந்தாள். "யாருமா லெட்டர் எல்லாம் போடுறது?" என்று கேட்டாள்.

"மாமா" என்றேன்.

"குடிச்சிட்டு வண்டி ஓட்டுனாரே, அந்த மாமாவா?"

எட்வின் உடலை வீட்டில் வைத்திருந்தபோது யாரோ அப்படிப் பேசியிருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை காதில் அது விழுந்து, அப்படியே தங்கிவிட்டது. நீ குடிப்பவன் இல்லை என்று எனக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும். ஆனாலும் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பயறு உடைத்துக்கொண்டிருந்தார்கள், தலையை நிமிர்த்தவில்லை. நானும் அதைத் திருத்தவில்லை. "சாப்பிட வா" என்றேன்.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சுபா


அழகர்கோவில்
22.10.2025

தங்கச்சி சுபாவுக்கு,

தீபாவளி முடிந்தது. தோப்புக்காரர் வேட்டி எடுத்துக் கொடுத்தார். அத்தை கண்ணில் தூசி படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

பாப்பா அப்படி நினைத்தால் அப்படியே இருக்கட்டும். கோபப்பட ஒரு ஆள் இருந்தால் பிள்ளைக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். அது நானாக இருந்துவிட்டுப் போகிறேன். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லை, என் பெயர் கெட்டு யாருக்கும் கல்யாணம் நிற்கப் போவதில்லை. நீ அவளிடம் எதையும் திருத்த வேண்டாம்.

ஜெயிலில் ஜனவரி ஒன்றாம் தேதி உங்கள் ஆட்கள் சிலர் வந்து பாட்டுப் பாடினார்கள். எல்லாருக்கும் கேக் கொடுத்தார்கள். வயதானவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புது வருஷம் எல்லாருக்குந்தாம்ப்பா, வெளிய இருக்கவனுக்கு மட்டுமில்ல" என்றார். நல்ல மனுஷன். முந்தின நாளோடு மாப்பிள்ளை போய் ஒரு வருஷம் முடிந்திருந்தது. கேக்கைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டேன்.

வீரணன் சித்தப்பா அந்தப் பக்கம் வருகிறார். அவரிடம் இருபது தேங்காய் கொடுத்துவிட்டிருக்கிறேன். நல்ல பருப்பு.

தங்கப்பாண்டி


ஆரப்பாளையம்
16.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்தானே? இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. உன் கால் வலியை நினைத்துக்கொண்டேன்.

தேங்காய் வந்தது. அத்தைதான் கதவைத் திறந்தார்கள். யார் கொடுத்தது என்று கேட்டிருக்கிறார்கள். சித்தப்பாவும் மறைக்காமல் சொல்லிவிட்டார். "எம் மகனக் காவு குடுத்த கையால குடுத்தத இந்த வீட்டுல ஒடைக்க மாட்டேன்" என்று சொல்லி, மூட்டையைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டார்கள். நான் வேலை முடிந்து வரும்போது அங்கேயே இருந்தது. லாட்ஜில் வேலை செய்கிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன்னிடம் பொய் சொல்லலாமா என்று இரண்டு வாரம் யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்று. வகுப்பில் போதகர் பிள்ளைகளிடம், திருவிருந்துக்கு வருமுன் யார் மீதாவது மனத்தாங்கல் இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். நேற்று ஹெப்சி என்னிடம் வந்து கேட்டாள்.

"மாமாவ நான் மன்னிக்கணுமாம்மா?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கு வரலம்மா. வந்த மாதிரி நடிக்கவும் முடியல. நான் வகுப்புல இருந்து நின்னுக்கிறேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அண்ணே, அந்தப் பிள்ளை நீ செய்யாத ஒன்றை மன்னிக்க முடியாமல் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

கூப்பிடுகிறாள். பிறகு எழுதுகிறேன்.

சுபா


ஆரப்பாளையம்
7.12.2025

அண்ணே,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. நலமாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். இதற்கும் நீ பதில் போட வேண்டாம். படித்தால் போதும்.

போதகர் போன வியாழன் வீட்டுக்கு வந்தார். ஹெப்சி விஷயமாகப் பேச வந்தவர். அத்தை கடைக்குப் போயிருந்தார்கள். நான் அவரிடம், "ஒருத்தர்கிட்ட மறைச்சு வச்சத சொல்லாமலே புது வருஷத்துக்குள்ள போயிர முடியாதாய்யா?" என்று கேட்டேன்.

"ஆண்டவருக்குத் தெரியாம ஒண்ணும் மறைக்க முடியாதும்மா. அவரு அது தெரிஞ்சேதான் இத்தன நாளா உங்களக் கூப்பிடுறாரு. தெரியாம இருக்கது வீட்டுல உள்ளவங்களுக்குத்தான்" என்றார். என்ன விஷயம் என்று அவர் கேட்கவில்லை. ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார்.

விபத்து நடந்த அன்று ராத்திரி ஏழு நாற்பத்திரண்டுக்கு உனக்குப் போன் போட்டது நான். உனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் உனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக இரண்டு பேரும் தெரியாதவர்கள் போல இருக்கிறோம்.

முதலில் எட்வினுக்குப் போட்டேன். எடுக்கவில்லை. அதனால் உனக்குப் போட்டேன். நீ வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்தே போட்டேன். "அண்ணே, எங்க வாரீக?" என்று கேட்டேன். "திருமங்கலம் தாண்டிட்டோம்மா" என்றாய். "அவரு எடுக்க மாட்டேங்கிறாரே" என்றேன். "மாப்ள ஒறங்குறாரு, வந்து பேசச் சொல்றேன்" என்றாய். அப்போதே நான் வைத்திருக்க வேண்டும். "இல்லண்ணே, எழுப்பிக் குடு. காலண்டர எங்க எறக்கணும்னு கோயில்ல கேக்குறாக" என்றேன். நீ அவரைத் தட்டி எழுப்பியது கேட்டது. "மாப்ள, எந்திரிங்க மாப்ள, சுபா பேசுது" என்றாய். அதற்குப் பிறகு கேட்டதும் எனக்குக் காதிலேயே இருக்கிறது.

அன்று ராத்திரி அத்தை என்னிடம், "நீ போன் போட்டுப் பாத்தியா?" என்று கேட்டார்கள். "அவரு எடுக்கலத்தை" என்றேன். அது பொய்யில்லை. உனக்குப் போட்டதைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று என் போனிலிருந்து அந்த அழைப்பை அழித்தேன். நீ போலீசில் தூங்கிவிட்டதாகச் சொன்னாய் என்று தெரிந்ததும், எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை. ஒரு நிம்மதி. அந்த நிம்மதியோடு உன்னை ஜெயிலில் வந்து பார்க்க என்னால் முடியவில்லை. நான் எழுதுகிறேன் என்று சொன்ன காரணம் இதுதான்.

நான் மதம் மாறி எட்வினைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது ஊரில் எனக்காக நின்றது நீ ஒருவன்தான். சபைக்கு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். அதையும் நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் சொல்லப் போகிறேன்.

சுபா


அழகர்கோவில்
16.12.2025

தங்கச்சி சுபாவுக்கு,

நீ நல்லபடியாக இருக்க வேண்டும். முதலில் அது.

சொல்லாதே. சொல்லி என்ன ஆகப் போகிறது? மாப்பிள்ளை திரும்ப வரப் போகிறாரா? நான் எட்டு மாதம் இருந்ததைத் திருப்பித் தரப் போகிறார்களா? அந்தம்மாவுக்கு இருப்பது நீயும் பாப்பாவும்தான். உன்மேல் வெறுப்பு வந்தால் அவர்கள் எங்கே போவார்கள்? என்னை வெறுப்பதில் அவர்களுக்குச் சிரமம் ஒன்றும் இல்லை.

அன்று வேனை எடுக்க வந்த போலீஸ்காரர் என் நொறுங்கிய போனைக் காட்டி, பேசிக்கொண்டிருந்தாயா என்று கேட்டார். இல்லை, தூங்கிவிட்டேன் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. யாரிடம் பேசினாய் என்று அடுத்துக் கேட்பாரே என்று வந்துவிட்டது.

நீ எழுதியதில் ஒன்று தப்பு. போட்டது நீதான். ஆனால் எடுத்தது என் கை. பதினெட்டு வருஷம் வேன் ஓட்டியவன். ஓரங்கட்டிவிட்டுப் பேச வேண்டும் என்று எனக்கு நீ சொல்லித் தர வேண்டியதில்லை. ரோட்டை விட்டுப் பக்கத்தில் திரும்பியது நான். தூங்கினேன் என்று சொன்னது உனக்காக மட்டும்தான் என்று நினைக்காதே. விழித்துக்கொண்டே ஒருவரைச் சாகக் கொடுத்தேன் என்று சொல்வதைவிட எனக்கும் அது சுலபமாக இருந்தது. இந்தப் பாவத்தில் பெரிய பங்கு என்னுடையது. அதை நீ எடுத்துக்கொள்ளாதே.

மாப்பிள்ளை தூக்கத்தில் போனார் என்று எழுதியதும் பொய். அவர் விழித்துவிட்டார். நீ கேட்டிருப்பாய்.

சொல்லாதே, சுபா.

அண்ணன்


ஆரப்பாளையம்
2.1.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் உனக்கும் எங்களுக்கும் இன்னொரு வருஷம் கொடுத்திருக்கிறார். வாழ்த்துகள். வீரணன் சித்தப்பா இன்று இங்கு வந்திருப்பதால் இதை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

சொல்லிவிட்டேன்.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். நீ எழுதியதையும் மறைக்கவில்லை. நான் போட்டதும், நீ எடுத்ததும், நான் அழித்ததும் எல்லாம். நீ குடிக்கவில்லை என்பதை முதலில் சொன்னேன்.

ஹெப்சி எழுந்து போய்ப் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் குழாய்ச் சத்தம் கேட்டது. வெளியே வந்து, "ரெண்டு வருஷம் என்னத் திட்ட விட்டு வேடிக்க பாத்திருக்க" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. இன்றுவரை தேவைக்குத்தான் பேசுகிறாள்.

அத்தை அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. "அப்ப நீ அவஞ் சத்தத்தக் கேட்டியா?" என்று கேட்டார்கள்.

"கேட்டேன்த்தை."

"என்ன சொன்னான்?"

"'ஊரு வந்துருச்சா மச்சான்'னு கேட்டாரு."

"இன்னொரு தரஞ் சொல்லு."

சொன்னேன். மூன்று தடவை சொல்லச் சொன்னார்கள். பிறகு போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்கள். மத்தியானம் சாப்பிடவில்லை. ராத்திரியும் சாப்பிடவில்லை. வருஷப் பிறப்பு ஆராதனைக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை.

இந்த வீட்டில் இனி எனக்கு இடம் இருக்காது என்றே நினைத்துக்கொண்டு படுத்தேன். ஆனால் தூங்கிவிட்டேன். அதுதான் எனக்கே ஆச்சரியம். இரண்டு வருஷத்தில் இடையில் விழிக்காமல் தூங்கியது அன்றுதான்.

காலையில் கண் விழித்தபோது அத்தை குளித்துச் சேலை மாற்றி நின்றார்கள். "ஒம்போதுக்கு இன்னொரு ஆராதன இருக்கு. கெளம்பு" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். மூன்று பேரும் போனோம். ஹெப்சி எங்களுக்கு முன்னால் நடந்தாள். நான் கடைசி பெஞ்சுக்குத் திரும்பியபோது அத்தை என் முழங்கையைப் பிடித்து நடுவில் இருந்த பெஞ்சுக்குக் கூட்டிப்போனார்கள்.

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை, அண்ணே. வழக்கமான பாட்டு, வழக்கமான ஜெபம். போதகர், ஆண்டவர் மரணத்திலிருந்து எழுந்தவர் என்பதால்தான் நாம் எதையும் முடிந்துபோனது என்று சொல்வதில்லை என்றார். இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை அது எட்வினைப் பற்றியும் என்று பட்டது. என்னைப் பற்றியும் என்று பட்டது. முழங்கால் போட்டபோது ஜெபத்தில் எதையும் சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தை மன்னித்துவிட்டார்களா என்று தெரியாது. கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

ஹெப்சி உனக்குத் தனியாக எழுதியிருக்கிறாள். ஒட்டித்தான் கொடுத்தாள். நான் படிக்கவில்லை.

உன் தங்கை,
சுபா


2.1.2026

அன்புள்ள மாமாவுக்கு,

ஹெப்சிபா எழுதுவது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? நான் நன்றாக இருக்கிறேன்.

நான் உங்களை மனசுக்குள் நிறையத் திட்டியிருக்கிறேன். ஸ்கூலில் ஒரு தடவை, எனக்கு மாமாவே கிடையாது என்றும் சொல்லியிருக்கிறேன். ஸாரி.

அம்மா மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. உங்கள் மேலும் கொஞ்சம் இருக்கிறது, வண்டி ஓட்டும்போது போனை எடுத்ததற்கு. கோபத்தோடு திருவிருந்துக்கு வரலாமா என்று போதகரிடம் கேட்டேன். "கோபம் இருக்குன்னு அவர்கிட்டயே சொல்லிட்டு வாம்மா. போன வாரத்தவிட கொறஞ்சிருக்கான்னு மட்டும் பாரு" என்றார். குறைந்திருக்கிறது.

ஞாயிறு காலை எட்டரைக்கு ஆராதனை. பேராயர் வருகிறார். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். எல்லாருக்கும் அப்பா நிற்பார். நீங்கள் வர வேண்டும். அப்பத்தாவிடம் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஹெப்சிபா


அழகர்கோவில்
6.1.2026

தங்கச்சி சுபாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். எல்லாரும் சுகமாக இருப்பீர்கள். நேற்று முன்தினம்தான் பார்த்தோம். ஆனாலும் நீ இரண்டு மணிக்கு லாட்ஜுக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். அத்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் காலையில் நடந்தது. நான் எட்டு மணிக்கே வந்துவிட்டேன். செருப்பு விடுகிற இடத்தில் நின்றுகொண்டு, திரும்பிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பா வெள்ளைச் சேலை தடுக்க ஓடிவந்து, "வாங்க மாமா, லேட்டாச்சு" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனாள். பேராயர் அவள் தலையில் கை வைத்தபோது பக்கத்தில் நின்றேன். பிறகு நீங்கள் எல்லாரும் எழுந்து ஒரே குரலில் அந்த உடன்படிக்கையைச் சொன்னீர்கள். எனக்கு அந்த வார்த்தைகள் தெரியாது. சும்மா நின்றேன். உன் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

வீட்டில் நீ போன பிறகு பாப்பா தூங்கிவிட்டாள். அத்தை எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். சாப்பாடு போடும்போதுகூட என் முகத்தைப் பார்க்காதவர்கள் அப்போதுதான் பார்த்தார்கள்.

"அன்னைக்குக் காலையில இருந்து சொல்லு. ஒண்ணும் விடாத" என்றார்கள்.

சொன்னேன். ஆரப்பாளையத்தில் ஆறு மணிக்கு டீ குடித்தது. மாப்பிள்ளை சட்டையில் டீயைக் கொட்டிக்கொண்டு, அம்மா பார்த்தால் திட்டும் என்று குழாயடியில் நின்று கழுவியது. விருதுநகரில் இறங்கி எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டது. அவர் ஆறு சாப்பிட்டார். அத்தை, "ஆறா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "வீட்டுல மூணுக்கு மேல தொட மாட்டான்" என்றார்கள். அச்சகத்தில் ஆள் போதவில்லை என்று மாப்பிள்ளையே உட்கார்ந்து கட்டுப் போட்டது, அங்கே வேலை பார்த்த பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தது, அவர்கள் தப்பாகப் பாட இவர் விழுந்து விழுந்து சிரித்தது, எல்லாம் சொன்னேன். இடையில் ஒரு தடவை அத்தை சிரித்தார்கள். கையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"சாயங்காலம் ஆறேகாலுக்கு வண்டிய எடுத்தோம்" என்றேன்.

"போதும்" என்றார்கள்.

நான் நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் பாடம் பண்ணி வந்திருந்தேன். வாயில் வரவில்லை. "அத்தை" என்று மட்டும் சொன்னேன். அவர்கள் தலையை ஆட்டினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. நீயாக ஒன்று வைத்துக்கொள்ளாதே. நானும் வைத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்தார்கள்.

"அடுத்த ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு வருவ?" என்று கேட்டார்கள்.

எனக்குப் புரியவில்லை. நின்றேன்.

"நேரந் தெரிஞ்சாத்தான அரிசி போட முடியும்?"

"பதினோரு மணிக்கு வாரேன்த்தை" என்றேன்.

பஸ்ஸில் ஏறி மாட்டுத்தாவணி தாண்டும் வரைக்கும், அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டோமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே வந்து தோப்புக்காரரிடம் ஞாயிறு மத்தியானம் வேறு ஆள் போடச் சொல்லிவிட்டேன்.

வருகிறேன்.

அண்ணன்,
தங்கப்பாண்டி